எட்டுப் பெட்டிகளும் மூன்று நிரல்மொழிகளும்: ஒலிபெருக்கி வடிவமைப்பில் கணக்கீட்டுக் கருவி தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரின் புறநகரில் ஒரு சிறிய பட்டறை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் செய்து தருகிறது. உரிமையாளர் தச்சுத் தொழிலிலிருந்து இதற்கு வந்தவர். அவருடன் இரண்டு தச்சர்களும், கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் மகளும், மின்னணுவியல் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த உறவுக்காரப் பையனும் இருந்தார்கள். நான் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இயந்திர அதிர்வுக் கணக்குகளை ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிக் கழித்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பட்டறைக்கு அவ்வப்போது போய்வருவேன்.

ஒரு மண்டபத்துக்கு எட்டுப் பெட்டிகள் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு 12 அங்குல ஊஃபரும் உயர்ந்த ஒலிக்கு ஒரு ஹார்னும் இருக்க வேண்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா இருக்கும். அந்த மாதத்துக்குள் பொருத்திவிட்டால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஓடத் தொடங்கலாம் என்பது வாடிக்கையாளரின் கணக்கு. ஆனி மாதத் தொடக்கத்தில் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டபோது மாதிரிப் பெட்டிகள் இரண்டு அறுக்கப்பட்டு, இரண்டும் சரியாக அமையாமல் மூலையில் கிடந்தன. பேச்சில் 'ப' என்ற ஒலி வரும்போதெல்லாம் பெட்டி முனகியது. ஒரு மாதிரிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் தாள் ஒன்றும் மூன்று நாள் வேலையும் ஆகும் என்பதால், மூன்றாவதை அறுப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவரே முடிவெடுத்திருந்தார். எதைக் கொண்டு கணக்குப் போடுவது என்பதுதான் என் முன் வைக்கப்பட்ட கேள்வி.

பட்டறையில் இருந்தவை

முதலாவது, உரிமையாளர் பல ஆண்டுகளாக வைத்திருந்த எக்செல் தாள். பெட்டியின் கொள்ளளவையும், அடிஒலியைக் கூட்டப் பெட்டியில் வைக்கும் குழாயின் நீளத்தையும் கணக்கிடும் வரை அதில் குறையில்லை. ஊஃபரின் முழு அதிர்வெண் வளைவை அதற்குள் கொண்டுவர முயன்றபோதுதான் சிக்கல் தொடங்கியிருந்தது. அந்த வளைவுக்குக் கலப்பெண்கள் (அலையின் அளவையும் நிலையையும் சேர்த்துச் சொல்லும் இரு பகுதி எண்கள்) தேவை. எக்செல் ஒரு கலப்பெண்ணை எண்ணாக வைத்துக்கொள்ளாமல் எழுத்துச் சரமாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் தனிச் செயற்கூறு எழுத வேண்டியிருந்ததால், தாளின் ஒரே அறைக்குள் நாலு அடுக்கு அடைப்புக்குறிகள் நின்றன. எழுதிய பையனாலேயே ஒரு வாரம் கழித்து அதைப் படிக்க முடியவில்லை.

இரண்டாவது, அந்தப் பையன் கல்லூரியில் மேட்லேப் என்ற விலைக்கு விற்கும் கணக்கீட்டு மென்பொருளில் எழுதிய நிரல்கள். நிரல்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவர் வைத்திருந்தது மாணவர் உரிமம்; விற்பனைக்குச் செய்யும் பொருளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது, என் தலைக்குள் இருந்த ஃபோர்ட்ரான். கலப்பெண்ணைத் தொடக்கக் காலத்திலிருந்தே தனி எண்வகையாக ஏற்றுக்கொண்ட மொழி என்பதால், ஒரே மாலையில் எழுதி முடித்திருப்பேன். ஆனால் நான் போன பிறகு அந்த நிரலைத் தொட அந்த வீட்டில் ஆளில்லை. அந்த ஆசையை முதல் நாளே விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெட்டி செய்ய வேண்டுமானால் நிரல் எழுதவே தேவையில்லை. வின்ஐஎஸ்டி, ஹார்ன்ரெஸ்ப், விட்டுயிக்ஸ்கேட் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்கின்றன. அவற்றில் வின்ஐஎஸ்டியை இந்த வேலை முழுவதிலும் இரண்டாம் சாட்சியாகப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். நிரல் எழுதத் துணிந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒரே பெயரில் வரும் ஊஃபர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதை ஒருங்கே கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த விடையை 8-க்கு 4 அடித் தாளில் அறுக்கும் அளவுகளாகவும், கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாயின் அளவிலும் நேரடியாக மாற்ற வேண்டியிருந்தது.

கணக்கின் அடிப்படை

நெவில் தீல் 1961-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்டு ஸ்மால் சிட்னியில் செய்த ஆய்வும் இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடியாக இருக்கின்றன. ஊஃபரின் தனி ஒத்ததிர்வு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக அதிரும் அதிர்வெண்), அந்த ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்லும் தரக்காரணி, அதன் தொங்கலின் மீள்தன்மைக்குச் சமமான காற்றுக் கனஅளவு ஆகிய மூன்றும் தெரிந்தால், தாழ்ந்த அதிர்வெண்களில் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒரு மின்சுற்றைப் போலக் கணக்கிட்டுவிடலாம். மூடிய பெட்டியில் ஒலி ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதமும், குழாய் வைத்த பெட்டியில் 24 டெசிபெல் வீதமும் கீழே இறங்கும். எழுத வேண்டிய நிரல் இவ்வளவுதான்: சில நூறு அதிர்வெண்கள், ஒவ்வொன்றுக்கும் சில கலப்பெண் வகுத்தல்கள். இதற்கு வேகமான மொழி வேண்டும் என்று பையன் வாதாடினார். சி++ கூடப் பேச்சில் வந்தது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் கணக்கில் வேகத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

முதல் முடிவு: ஆக்டேவ்

மேட்லேப் நிரல்களை ஏறக்குறைய அப்படியே ஓட்டக்கூடிய கட்டற்ற மென்பொருளான குனு ஆக்டேவைத் தேர்ந்தெடுத்தோம். கையில் நேரம் குறைவு, எழுதுபவர் மேட்லேப் அறிந்தவர், பழைய நிரல் வீணாகாது என்பவையே அப்போது நாங்கள் பார்த்த நியாயங்கள். எழுதுபவர் எவ்வளவு நாள் இங்கே இருப்பார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நிரல் ஓடத் தொடங்கியதும் ஊஃபர்களை அளந்தோம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிய யூனிட்டுகளுடன் வந்த தாளில் ஒத்ததிர்வு 48 ஹெர்ட்ஸ் என்றும் தரக்காரணி 0.36 என்றும் இருந்தது. ஒரு மின்தடையும் யு.எஸ்.பி. ஒலி அட்டையும் கொண்டு மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு யூனிட் காட்டும் தடையை) அளந்தபோது, நான்கு யூனிட்டுகளில் ஒத்ததிர்வு 52 முதல் 58 வரையும், தரக்காரணி 0.41 முதல் 0.47 வரையும் இருந்தன. முதல் இரண்டு பெட்டிகள் ஏன் முனகின என்பதற்கு விடையின் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிட்டது. தாளை நம்பி அறுத்த பெட்டி அந்த யூனிட்டுக்கு உரியதாக இல்லை.

கூம்பின் நிறையை அறிய, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை நகை எடைபோடும் சிறு தராசில் சரியாக 30 கிராம் நிறுத்து, கூம்பின் நடுவில் வளையமாக ஒட்டினோம். 54 ஹெர்ட்ஸாக இருந்த ஒத்ததிர்வு 44-க்கு இறங்கியது. 54-ஐ 44-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழித்தால் 0.506, 30-ஐ அதால் வகுத்தால் அசையும் நிறை ஏறத்தாழ 59 கிராம். அங்கிருந்து தொங்கலுக்குச் சமமான காற்று சுமார் 56 லிட்டர் என்று வந்தது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சற்றுக் குறைவு. கடலோரத்தில் அளந்திருந்தால் இதே யூனிட்டுக்கு சுமார் இரண்டரை லிட்டர் கூடுதலாக வந்திருக்கும். தச்சருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை, எனக்குத்தான் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிரலை நம்புவதற்கு முன் ஒரு சோதனை வைத்தேன். இதே ஊஃபரை 60 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தால், 56-ஐ 60-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.39. ஆகவே ஒத்ததிர்வு 54-இலிருந்து 75 ஹெர்ட்ஸுக்கு ஏறும், 0.44 ஆக இருந்த தரக்காரணி 0.61 ஆகும், அந்த 75 ஹெர்ட்ஸில் ஒலி மட்டம் சரியாக 4.3 டெசிபெல் குறைந்திருக்க வேண்டும். இதைத் தாளில் பென்சிலால் போட்டுவிட்டு நிரலை ஓட்டச் சொன்னேன். முதல் தடவை 17 டெசிபெல் என்று வந்தது: ஓரிடத்தில் கூம்பின் விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டிருந்தது. திருத்திய பிறகு 4.3 வந்தது.

மூன்றாவது மாதிரிப் பெட்டி வெளிப்புறம் 60-க்கு 40-க்கு 38 சென்டிமீட்டராக அறுக்கப்பட்டது. உள்ளே ஊஃபர், ஹார்ன், குழாய், தாங்குகட்டை ஆகியவை அடைத்ததுபோக 60 லிட்டர் மிஞ்சியது. 50 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்க, நான்கு அங்குலக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 27 சென்டிமீட்டர் என்று நிரல் சொன்னது. பெட்டியை அளந்தபோது, அதன் இசைவைக் காட்டும், மின்மறுப்பு வளைவின் இரண்டு மேடுகளுக்கு நடுவிலிருந்த பள்ளம் 50-இல் இல்லாமல் 48-இல் இருந்தது. குழாயின் உள்முனை பின்பலகைக்கு அருகில் இருந்ததால் அது தன் நீளத்தைவிட நீண்ட குழாய்போல நடந்துகொண்டது. மூன்று சென்டிமீட்டர் வெட்டியதும் 50-க்கு வந்து நின்றது. இதை நிரலின் தவறாக நான் எண்ணவில்லை. குழாயின் முனைகளுக்கு வெளியே அசையும் காற்றுக்கான முனைத்திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் எண் எப்போதும் தோராயம்தான்.

கட்டம் திரும்பிய இடம்

ஊஃபரும் ஹார்னும் சேருமிடத்தில்தான் உண்மையான தவறு நேர்ந்தது. இரண்டையும் தனித்தனியே மைக்கில் அளந்து, ஒலி மட்டத்தையும் கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் கோணத்தையும்) கோப்புகளாகச் சேமித்து, ஒலியை இரண்டுக்கும் பிரித்தனுப்பும் சுற்றான கிராஸ்ஓவருடன் நிரலில் கூட்டிப் பார்த்தோம். கூட்டு வளைவில், கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில், ஒவ்வொரு யூனிட்டின் தனி மட்டத்தைவிட 21 டெசிபெல் கீழே ஒரு பள்ளம் தெரிந்தது. பாடப்புத்தகப் பழக்கப்படி ஹார்னின் கம்பிகளை மாற்றிப் பார்த்தோம். நிரலில் பள்ளம் மறைந்தது. அதன்படி கம்பியை மாற்றிப் பற்றவைத்து, பெட்டியை முற்றத்தில் வைத்து அளந்தபோது, நிரல் பள்ளம் இல்லை என்ற அதே இடத்தில் எதிர்பார்த்ததைவிட 18 டெசிபெல் ஆழமான பள்ளம் இருந்தது.

அரை நாள் மைக்கின் மீது பழி போட்டோம். பிறகு நான் கூட்டு வளைவை விட்டுவிட்டு, ஊஃபரின் கட்டத்தை மட்டும் தனியே வரையச் சொன்னேன். தாழ்வடிகட்டி வழியாக வரும் ஊஃபரில், அதிர்வெண் ஏற ஏறக் கட்டம் கீழே இறங்க வேண்டும். திரையில் அது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் ஒற்றை மேற்கோள் குறி. மேட்லேபிலும் ஆக்டேவிலும் ஓர் அணியின் (எண் அட்டவணையின்) நெடுவரிசையைக் கிடைவரிசையாக மாற்ற ' என்ற குறியைப் போடுவது வழக்கம். மெய்யெண்களுக்கு அதனால் தீங்கில்லை. கலப்பெண்களாக இருந்தால், வரிசையை மாற்றும்போதே அந்தக் குறி ஒவ்வொரு எண்ணையும் அதன் இணைக் கலப்பெண்ணாக, அதாவது கட்டத்தின் அடையாளத்தைத் திருப்பிய எண்ணாக மாற்றிவிடும். வரிசையை மட்டும் மாற்ற வேண்டுமானால் குறிக்கு முன் ஒரு புள்ளி வைத்து .' என்று எழுத வேண்டும். ஊஃபரின் கோப்பைக் கலப்பெண்ணாக்கிய பின் பையன் வரிசையை மாற்றியிருந்தார். ஹார்னுக்கோ முதலில் இடைக்கணிப்புச் செய்துவிட்டுப் பிறகு கலப்பெண்ணாக்கியிருந்ததால் வரிசை மாற்றமே தேவைப்படவில்லை. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஊஃபரின் கட்டம் உண்மையில் மைனஸ் 95 பாகை, ஹார்னுடையது மைனஸ் 80. வேறுபாடு 15 பாகைதான், இரண்டும் நன்றாகக் கூடும். நிரலில் ஊஃபருடையது பிளஸ் 95 ஆனதால் வேறுபாடு 175 பாகையாகி, ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. அந்தப் பொய்ப் பள்ளத்தைச் சரிசெய்யப்போய் மெய்யான பள்ளத்தை உண்டாக்கியிருந்தோம். ஒரு புள்ளியைச் சேர்த்து, கம்பியைப் பழையபடி பற்றவைத்து அளந்ததும் இரண்டும் ஒத்துப்போயின.

இரண்டாம் முடிவு: பைத்தான்

ஆனி மூன்றாம் வாரத்தில் பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நான்கு நாளில் கிளம்ப வேண்டும் என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டோம்: இனி இந்த நிரலை ஓட்டப்போவது யார்?

உரிமையாளரின் மகள் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர். அந்தப் பாடத்தில் பைத்தான் உண்டு. ஆக்டேவை அவர் பார்த்ததில்லை. அவரிடம் ஒரே கணக்கை ஆக்டேவிலும் பைத்தானிலும் எழுதி அருகருகே காட்டியபோது, பைத்தானில் எழுதியதை நிறுத்தி நிதானமாகப் படித்து, எந்த வரி எதற்கு என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கே முடிவு செய்தோம். நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் ஆகிய மூன்று பைத்தான் நிரல்தொகுப்புகள் இருந்தால் போதும். காற்றைத் தள்ளும்போது கூம்பு எதிர்கொள்ளும் தடையான கதிர்வீச்சு மறுப்புக்குத் தேவையான ஸ்ட்ரூவ் சார்பு என்ற கணிதச் சார்பு சைபையில் தயாராக இருந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன், ஆனால் அதற்காக மட்டும் மொழியை மாற்றியிருக்க மாட்டேன்.

மாற்றி எழுதும் வேலை நான்கு நாளுக்குப் பதில் ஒன்பது நாள் இழுத்தது. பெரும்பாலான தவறுகள் ஆக்டேவ் பழக்கத்திலிருந்து வந்தவை. ஒரு தவறை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். லிட்டரைக் கனமீட்டராக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அந்த ஆயிரத்தை 10^3 என்று பையன் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆக்டேவில் அது ஆயிரம். பைத்தானில் ^ என்பது அடுக்கு அல்ல, இருமக் குறிகளை ஒப்பிடும் செயல். 10^3 என்றால் விடை 9. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 60 லிட்டர் பெட்டி ஆறரைக் கனமீட்டருக்கும் மேற்பட்ட ஓர் அறையாகிவிட்டது. மறுநாள் காலை உரிமையாளரின் மகளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது: “சார், குழாய் நீளம் மைனஸ் ஏழு சென்டிமீட்டர்னு வருதுங்க. அப்பா அத எப்படிங்க அறுப்பாரு?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மொழி மாற்றம் சரியான முடிவு என்று எனக்கு உறுதியானது. பையனாக இருந்தால் மைனஸைப் பார்த்து, அதை நீக்கும் மதிப்புக்குறி போட்டு மறைத்திருப்பாரோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இவர் குழாயை அறுப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தார். பென்சில் சோதனையை மாற்றி எழுதிய நிரலில் முதல் நாளே ஓட்டியிருந்தால் இது தானாகவே தெரிந்திருக்கும். அவசரத்தில் நானும் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

கைவிட்ட வழி

பெட்டியின் விளிம்புகளில் ஒலி சிதறுவதையும் கணக்கிட, பரப்பைச் சிறு முக்கோணக் கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் எல்லைக்கூறு முறையில் முழுப் பெட்டியையும் மாதிரியாக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. பைத்தானிலிருந்து இயக்கக்கூடிய கட்டற்ற தொகுப்புகள் இதற்கு உண்டு. ஓர் அலைநீளத்துக்கு ஆறு கூறுகளாவது வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர், ஆகவே முக்கோணத்தின் பக்கம் 6 மில்லிமீட்டர். ஒன்றேகால் சதுரமீட்டர் மேற்பரப்புள்ள இந்தப் பெட்டிக்கு ஏறத்தாழ 80,000 முக்கோணங்கள் வரும். அவற்றின் அணியை நேரடியாக நினைவகத்தில் வைக்க 100 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். பட்டறையிலிருந்த மடிக்கணினியில் இருந்தது எட்டு. சமச்சீரையும் விரைவு முறைகளையும் பயன்படுத்தி இதைச் சுருக்கலாம் என்பது உண்மை. ஆனால் முற்றத்தில் மைக்கை நிறுத்தி அரை மணியில் அளந்துவிடக்கூடிய ஒன்றுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

விளைவு

ஆடி கடைசி வாரத்தில் எட்டுப் பெட்டிகளும் மண்டபத்தில் ஏற்றப்பட்டன. எட்டின் மின்மறுப்புப் பள்ளங்களும் 49-க்கும் 51-க்கும் இடையில் இருந்தன. அளந்த யூனிட்டுகளின் வேறுபாட்டைத் தற்செயலாகக் கலந்து 500 தடவை நிரலை ஓட்டியபோது, 50 ஹெர்ட்ஸ் சுற்றுப்பகுதியில் பெட்டிக்குப் பெட்டி சுமார் 2 டெசிபெல் வேறுபாடு இருக்கும் என்று தெரிந்தது. அதனால் நெருங்கிய அளவுள்ள யூனிட்டுகளை இணைசேர்த்து மேடையின் இருபுறமும் வைத்தோம்.

நிரல் சொல்லாத ஒன்றும் பின்னர் வெளிப்பட்டது. முதல் முகூர்த்தத்தில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று மணி நேரம் ஓடிய பிறகு அடிஒலி தளர்ந்து கேட்டதாக ஒலி அமைப்பவர் சொன்னார். எங்கள் மாதிரி சிறு சமிக்ஞைகளுக்கு மட்டுமே பொருந்தும். செம்புக் கம்பிச் சுருளின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்கு 0.39 விழுக்காடு ஏறுவதால், சுருள் 100 பாகை சூடேறினால் மின்தடை ஏறத்தாழ 1.4 மடங்காகும், கூம்பின் அதிர்வை மின்வழியாக அடக்கும் மின்தணிப்பு அதே அளவில் குறையும். காலையில் அளந்த யூனிட் மதியம் வேறு யூனிட்டாகிவிடுகிறது. சூடான சுருளுக்கும் ஒரு வளைவை நிரல் வரைய வேண்டும் என்று சேர்த்தோம். பெட்டியை மாற்றவில்லை, ஆம்ப்ளிஃபயரில் ஒலி வரம்பு மீறாமல் தடுக்கும் லிமிட்டரின் அளவைக் குறைத்தோம்.

மாற்றிக்கொண்டவை

பென்சிலால் விடை தெரிந்த மூன்று கணக்குகள் இப்போது நிரலுடனேயே ஒரு தனிக் கோப்பாக இருக்கின்றன: மூடிய பெட்டி, குழாய் நீளம், கட்டம் தெரிந்த இரண்டு மூலங்களின் கூட்டல். எந்த வரியை மாற்றினாலும் அந்தக் கோப்பு முதலில் ஓடும். மாறிகளின் பெயரிலேயே அலகு சேர்க்கப்படுகிறது. லிட்டரில் இருப்பது லிட்டர் என்று முடியும். மீண்டும் இதே நிலை வந்தால் ஆக்டேவை இடையில் கொண்டுவராமல் நேரே பைத்தானுக்குப் போயிருப்பேன். ஆனால் மேட்லேப் உரிமம் உள்ள, எழுதுபவர் நிலைத்திருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு இதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன். மேற்கோள் குறியின் குணம் தெரிந்தவருக்கு ஆக்டேவில் ஒரு குறையும் இல்லை.

எழுதத் தொடங்குவதற்கு முன் யூனிட்டை அளக்க வேண்டும் என்பது நான் மாற்றிக்கொண்ட வரிசை. நாங்கள் ஒரு வாரம் மொழியைப் பற்றிப் பேசிய பிறகுதான் மின்மறுப்பை அளந்தோம். அளவை முதலில் எடுத்திருந்தால், இரண்டு பெட்டிகள் கெட்டதற்குக் காரணம் கணக்கு அல்ல, கணக்குக்குள் போட்ட எண்தான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆவணியில் அடுத்த ஆர்டருக்குப் பத்து யூனிட்டுகள் வந்தன. பெட்டியிலிருந்து எடுத்ததும் உரிமையாளரின் மகள் அவற்றை வரிசையாக வைத்து, 30 கிராம் களிமண்ணுடன் உட்கார்ந்து அளந்தார். மூன்றின் ஒத்ததிர்வு 60-க்கும் மேல் இருந்தது. அவற்றைத் தனியே எடுத்துவைத்து, வளைவுகளை அச்சிட்டுக் கடைக்காரருக்கு அனுப்பியிருக்கிறார். மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.